நாய்க்கடிக்கு நௌஷிதா எழுதின தலைப்பு

என் தங்கச்சி நௌஷிதாவுக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சொல்லிப் புரியவைக்கறதுக்குள்ள கேட்டவங்க பஸ் ஏறிப் போயிருப்பாங்க. நான் மட்டாஞ்சேரியில சுக்குக் கிடங்குல இஞ்சி பொறுக்கற வேலை பாக்கறேன். 'நசீபா, நீ என்ன பண்றே'ன்னு கேட்டா முறத்தைக் காட்டிடலாம். அவ வேலைக்கு எதைக் காட்டறது?

சரி, சொல்றேன். மொபைல்ல நீங்க ஏதாவது தேடறீங்க. வரிசையா நீலக் கலர்ல வரி வரியா வருது பாருங்க, 'கொச்சியில் கடல் தெரியும் அறை', 'மட்டாஞ்சேரியில் பல் பிடுங்க', அந்த மாதிரி. அதுல எதைத் தொடறீங்களோ அந்தப் பக்கம் திறக்கும். அந்த வரிக்குப் பேரு தலைப்பு. ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்பு, அறுபது எழுத்துக்குள்ள. அதை எழுதறதுதான் இவ வேலை. பக்கத்தை எழுதறது வேற ஆளு. இவளுக்கு வர்றது ஒரு பட்டியல் மட்டும். பக்கத்தோட பேரு ஒரு கட்டத்துல இருக்கும், பக்கத்துக் கட்டம் காலியா இருக்கும். அதை இவ நிரப்பணும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு இவ பாக்கறதே இல்ல. ஒரு நாளைக்கு எழுபது எண்பது எழுதணும்னா எங்கேர்ந்து பாக்கறது?

"சமைக்காத சோத்துக்குப் பேரு வைக்கறவ நீ"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவ சிரிச்சுக்குவா.

ஆனா கெட்டிக்காரிதான், அதை மறைக்கக் கூடாது. வைப்பின் தீவுக்குப் போற போட்டுக்கு நிக்கறப்ப, மீன் வாங்கறப்ப, எங்க போனாலும் அவ காது ஜனங்க பேச்சுலதான் இருக்கும். "யாரும் 'பல் மருத்துவமனை'ன்னு கேக்கறதில்லக்கா. 'பல்லு வலிக்குது, எங்க காட்டறது'ன்னுதான் கேக்கறாங்க. கேக்கற வார்த்தையே தலைப்புல முதல்ல இருந்தா, தேடறவன் நம்ம ஆளுன்னு நினைச்சுத் தொட்டுருவான்"ம்பா. அவ தலைப்பு போட்டா ஆள் வரும். சுள்ளிக்கல்ல ஆபீஸ் வெச்சிருக்கற அவ முதலாளி வெங்கிடேஷ் சாரே அதைச் சொல்வார்.

எங்க வீட்டுல பேச்சு தமிழ். ஆனா படிச்சதெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். நௌஷிதா மலையாளத்தை மழை மாதிரி எழுதுவா, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. போன வருஷம் ஒரு நாள் வெங்கிடேஷ் சார் கூப்பிட்டு, நம்ம பக்கத்துல இருக்கற ஒரு தனியார் கிளினிக்குக்குத் தமிழ்லயும் தலைப்பு வேணும்னார். "இங்க எத்தனை தமிழ் ஆளுங்க வேலை பாக்கறாங்க? அவங்க போன்ல தமிழ்லதான் தேடுவாங்க. முதல்ல தலைப்பைப் போட்டுருவோம். உள்ள இருக்கறதை அப்புறம் தமிழ்ப்படுத்திக்கலாம்"னு சொன்னார்.

இவளுக்குப் பெருமை தாங்கல. என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு எழுதினா. நாய்க்கடிப் பக்கத்துக்கு முதல்ல போட்டது 'நாய் கடி ஊசி, மட்டாஞ்சேரி'. ஒரு வாரம் ஈ காக்கா வரல. அப்புறம் மாத்தினா: 'நாய் கடிச்சிருச்சா? மட்டாஞ்சேரியில் ஒரே இடத்தில் முழு சிகிச்சை'.

"முழு சிகிச்சைன்னு போடலாமாடி?"ன்னு நான் கேட்டது நிஜம். ஆனா வாய்க்கு வந்ததைக் கேட்டேனே தவிர யோசிச்சுக் கேக்கல. "எல்லாருமே அப்படித்தான்க்கா போடுவாங்க. 'முழு'ன்னு பாத்தா மனசுக்கு ஒரு தெம்பு"ன்னா. பத்தே நாள்ல தமிழ்ப் பக்கத்துக்கு வந்த ஆளுங்க மூணு மடங்கு. சார் மெச்சிக்கிட்டார். அவ பழம்பொரி, அதான் நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கிட்டு வந்தா. நானும் நாலு தின்னேன். அந்தப் பழம்பொரி எனக்கு இன்னும் செரிக்கல.

அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க தெருவுல இருக்கற அம்மிணி சேச்சி வந்தாங்க. அந்தக் கிளினிக்லதான் நர்ஸ். சாயா போட்டுக் குடுத்தேன், குடிக்காம டம்ளரையே பாத்துட்டு இருந்தாங்க.

"மோளே, நீ தமிழ்ல எழுதி வெச்சதைப் பாத்து நிறைய நாய்க்கடி வருது. முந்தி மாசத்துக்கு ரெண்டு வரும். இப்ப பதினாறு."

நௌஷிதாவுக்கு முகம் மலர்ந்துச்சு. "நல்லதுதானே சேச்சி!"

"என்ன நல்லது? எங்ககிட்ட தடுப்பூசி மட்டும்தான் இருக்கு. சீரம் கிடையாது."

எனக்கு ஒண்ணும் புரியல. சேச்சிதான் விளக்கினாங்க. தடுப்பூசி உடம்புல வேலை செய்ய நாள் எடுக்குமாம். கடி ஆழமா இருந்தா, அதுவும் முகம் கைன்னா, அதுக்குள்ள விஷம் முந்திக்கலாம். அதைத் தடுக்கத்தான் சீரம், காயத்துக்குள்ளேயே குத்தணும். அது பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் கிடைக்கும். முதல் ஊசி போட்டு ஏழு நாளைக்குள்ள குத்தினாத்தான் பிரயோஜனம்.

"அதைப் பக்கத்துல எழுதலையா?"ன்னா நௌஷிதா.

"எழுதியிருக்கே. மலையாளத்துல, கொட்டை எழுத்துல. 'சீரம் இவிடெ இல்லா'ன்னு. தலைப்பு தமிழ்ல இருக்கு, உள்ள பூரா மலையாளம். தமிழ் ஆளு எப்படி மோளே படிப்பான்?"

அவ எழுந்து போனை எடுத்து அந்தப் பக்கத்தை முதல் தடவையாத் திறந்தா. எழுதி ரெண்டு மாசம் கழிச்சு, முதல் தடவையா. மூணாவது வரியிலயே இருந்துச்சு. படிச்சுட்டுக் கட்டில்ல உக்காந்துட்டா.

சேச்சி சொல்ல வந்தது அதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சு. போன வியாழக்கிழமை முத்துவேல்னு ஒரு கட்டட வேலைக்காரர். கன்னத்துல, காதுக்குக் கீழ, ஆழமான கடி. டாக்டர் ஊசி போட்டு, சீரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி போன்னு சீட்டுல இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்திருக்கார். சேச்சி மலையாளத்துல சொல்லியும் பாத்திருக்காங்க. அவர் போனைக் காட்டி, "இங்கேயே முழுசும்னு போட்டிருக்கீங்களே, அப்புறம் எதுக்கு இன்னொரு இடம்?"னு சிரிச்சுட்டே போயிட்டார். ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஊசிக்கு வரணும். வரல. ரெஜிஸ்டர்ல இருக்கற நம்பர் அணைஞ்சு கிடக்கு.

"வர்ற வியாழக்கிழமையோட ஏழு நாள் முடிஞ்சிரும்"னு சொல்லிட்டு சேச்சி சாயாவைக் குடிக்காமலே போயிட்டாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "ஏன்டி, ஒரு தடவை திறந்து பாத்திருந்தா உன் விரல் தேஞ்சா போயிருக்கும்? பேரு வைக்கறவளுக்குப் புள்ள உயிரோட இருக்கான்னு பாக்க வேணாம்?" வாயில வந்ததெல்லாம் திட்டினேன்.

நௌஷிதா அப்பவே தலைப்பை மாத்தினா. 'நாய் கடி ஆழமா? சீரம் இங்கே இல்லை, அரசு ஆஸ்பத்திரி போங்க'. ஆனா இங்க மாத்தினா உடனே தேடறவங்களுக்கு மாறாதாம். எல்லாப் பக்கத்தையும் அந்தத் தேடற கம்பெனிக்காரன் மறுபடி வந்து படிக்கணுமாம், அதுக்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். பழைய வரி அங்கேயே ஜம்முன்னு நின்னுட்டிருந்துச்சு. அவ திரும்பத் திரும்பத் தேடிப் பாக்கறா, திரும்பத் திரும்ப அதே 'முழு சிகிச்சை'.

புதன்கிழமை காலையில வெங்கிடேஷ் சார்கிட்ட போனா. நானும் கிடங்குக்கு லீவு சொல்லிட்டுக் கூடப் போனேன். சார் அவ போறதுக்கு முன்னாடியே பட்டியலைத் திறந்து வெச்சிருந்தார்.

"யாரைக் கேட்டு மாத்தின? வாங்கன்னு எழுதத்தான் உனக்குச் சம்பளம். போங்கன்னு எழுதற முதல் ஆளு நீதான்."

"சார், ஒருத்தர் செத்துப் போயிருவார் சார்."

"டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்தாச்சுல்ல? அது கிளினிக்குக்கும் அவருக்கும் உள்ள விஷயம். நாம எழுதினது ஒரு வரி. ஒரு வரியைப் படிச்சுட்டு எவனாவது சாவானா?"

"அந்த ஒரு வரியைப் படிச்சுட்டுத்தானே சார் வந்தாங்க? அப்ப மெச்சிக்கிட்டீங்களே?"

சார் பட்டியலை மேலயும் கீழயும் தள்ளினார். எனக்குக் கொஞ்சம் திருப்தியாத்தான் இருந்துச்சு. கிளினிக்ல கேட்டுத்தான் சொல்லணும், அதுவரைக்கும் பழைய தலைப்பே இருக்கட்டும்னு சொல்லி என் கண்ணு முன்னாலயே மாத்திட்டார். நௌஷிதா, "இதை மாத்தற வரைக்கும் நான் வேற எதையும் எழுத மாட்டேன்"னு சொல்லிட்டு வெளிய வந்தா. அவளைப் பாத்து எனக்குப் பெருமையா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். அந்த நேரத்துல பெருமைக்கெல்லாம் எங்க இடம்?

ரெஜிஸ்டர்ல விலாசம்னு சுள்ளிக்கல் மட்டும் போட்டிருந்துச்சு. சுள்ளிக்கல்ல முத்துவேலைத் தேடறது சுக்கு மூட்டையில ஒரு சொத்தை இஞ்சியைத் தேடற மாதிரி. தமிழ் ஆளுங்க வாடகைக்கு இருக்கற லைன் வீடுகள்ல ஒவ்வொரு கதவாத் தட்டினோம். கன்னத்துல கட்டுப் போட்ட ஆளைப் பாத்தீங்களான்னு கேட்டுக் கேட்டு எனக்கு நாக்கு வறண்டுருச்சு. மத்தியானம் மூணு மணிக்கு, சாப்பாடு போட்டுக் குடுக்கற சீனியம்மாள்னு ஒரு பொம்பளை மாட்டினாங்க. பாத்திரம் தேய்ச்சுட்டே சொன்னாங்க.

"எங்க முத்துவேலுவா? அது இங்க இல்லையே. கிளினிக்லேர்ந்து வர்ற வழியில போன் தொலைஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமையே களமசேரிக்கு வேலைக்குப் போயிருச்சு. எதுக்குத் தேடறீங்க? ஏதாவது வம்பா?"

"வம்பு இல்லக்கா. ஊசி விஷயம்"னா நௌஷிதா.

அந்தம்மா ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பாத்துட்டு, முத்துவேலோட புது நம்பரைக் குடுத்தாங்க. அங்கேயே நின்னு கூப்பிட்டா.

"அண்ணே, நான் மட்டாஞ்சேரியிலேர்ந்து பேசறேன். நாய் கடிச்சதுக்குக் கிளினிக்ல ஊசி போட்டீங்கல்ல..."

"ஆமா, போட்டாச்சு. காயம் ஆறிருச்சு."

"அது போதாதுண்ணே. பெரிய ஆஸ்பத்திரி போய் இன்னொரு ஊசி..."

"அதானே பாத்தேன்! முழுசும் ஒரே இடத்துலன்னு போடறது, வந்தப்புறம் இன்னொண்ணு போடு, இன்னொண்ணு போடுன்னு ஆளை உருவறது. உங்க வித்தையெல்லாம் எங்களுக்கும் தெரியும்மா. வைங்க போனை."

அவரே வெச்சுட்டார். மறுபடி கூப்பிட்டா, எடுக்கல. என் போன்லேர்ந்து கூப்பிட்டேன், குரலைக் கேட்டதும் வெச்சுட்டார். நௌஷிதா சீனியம்மாள் வாசல்லயே குந்திட்டா. "ஊர் பேர் தெரியாதவனையெல்லாம் ஒரு வரியில இழுக்கத் தெரிஞ்ச எனக்கு, இந்த ஒரு ஆளை வரவைக்கத் தெரியலையேக்கா"ன்னு அழுதா. நான் ஆறுதல் சொல்லல. சொல்ல என்ன இருந்துச்சு? எந்திரி, நாளைக்கு நேர்ல போவோம்னு மட்டும் சொன்னேன். சீனியம்மாள்தான் பாவம், தண்ணி குடுத்து, வேலை நடக்கற இடத்தை விசாரிச்சுச் சொன்னாங்க.

வியாழக்கிழமை. அல்லா மேல பாரத்தைப் போட்டு முதல் பஸ்ஸைப் பிடிச்சோம். களமசேரியில அந்தக் கட்டடத்துக்கு நாங்க போறப்ப எட்டரை மணி. கம்பி கட்டிட்டிருந்தார் முத்துவேல். நாப்பது வயசு இருக்கும், ஒல்லியான ஆளு. கன்னத்துல பிளாஸ்திரி அழுக்கேறி இருந்துச்சு. நௌஷிதா 'அண்ணே'ன்னு கூப்பிட்டதுமே, போன்ல கேட்ட குரல்னு புரிஞ்சுக்கிட்டார்.

"வேலை இடம் தேடி வந்து ஆள் பிடிக்கற அளவுக்கு வந்துட்டீங்களா?"

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. எனக்கு அவர் பிடரியில அடிக்கலாம் போல இருந்துச்சு. நௌஷிதா போன்ல அந்த நீல வரியை எடுத்து அவர் முன்னாடி நீட்டினா.

"இதைப் பாத்துத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"இதை எழுதினது நான். இது பொய்ணே. அங்க முழு சிகிச்சை கிடையாது. ஆளு வரணும்னு எழுதினேன்."

சிரிப்பு நின்னு போச்சு. முத்துவேல் கம்பியைக் கீழ வெச்சார்.

"பொய்னு தெரிஞ்சா எழுதின?"

"தெரியாதுண்ணே. தெரிஞ்சுக்கணும்னு நினைக்கவும் இல்ல. நான் டாக்டரும் இல்ல, கிளினிக்கும் இல்ல, எனக்கு நீங்க ஒரு பைசா தர வேணாம். இன்னைக்கு ஏழாவது நாள். இன்னைக்குப் போடலைன்னா அந்த ஊசிக்கு அப்புறம் வேலையே இல்ல. பக்கத்துல அரசாங்க ஆஸ்பத்திரி. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, வழியில திட்டிட்டே வாங்க."

அவர் தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துக் கையைத் துடைச்சார். "என் பொண்ணு வயசு இருக்குமா உனக்கு"ன்னு மட்டும் கேட்டார். வந்தார்.

ஆஸ்பத்திரியில கூட்டம். டாக்டர் அம்மா காயத்தைப் பாத்து எங்களை நல்லாத் திட்டினாங்க. கன்னத்துக்குள்ள ஊசி இறங்கறப்ப முத்துவேல் பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார், நௌஷிதா முகத்தைத் திருப்பிக்கவே இல்ல. "நேரத்துக்கு வந்துட்டீங்க. மிச்ச ஊசியை நாள் தவறாமப் போடணும்"னாங்க டாக்டர். எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு சாயா குடிக்கலாமான்னு கேக்க வாயெடுத்தேன்.

முத்துவேல் பிளாஸ்திரியைத் தடவிட்டே சாதாரணமாச் சொன்னார். "சுப்புராஜையும் கூட்டிட்டு வந்திருக்கலாம். அவன்தான் அந்த வரியை எனக்குப் போன்ல காட்டினான். அவனுக்கும் நாய் கை விரல்ல கடிச்சு, அந்தக் கிளினிக்லதான் ஒரே ஒரு ஊசி போட்டான். போன மாசம்."

நௌஷிதா கை என் கையைத் தேடிப் பிடிச்சுது.

சுப்புராஜ் அதே கட்டடத்துல மேஸ்திரி. அன்னைக்கு மத்தியானமே அவரையும் கூட்டிட்டு வந்தோம். வலது கை ஆள்காட்டி விரல்ல ரெண்டு பல்லு பதிஞ்ச தழும்பு. டாக்டர் அம்மா தேதியைக் கணக்குப் பண்ணிப் பாத்துட்டு, இந்தத் தடவை திட்டல. "சீரத்துக்கு நாள் கடந்து போச்சு. தடுப்பூசியை மறுபடி முதல்லேர்ந்து போடுவோம். நாய்க்கு வெறி இருந்துச்சா இல்லையான்னே தெரியாது, ஒண்ணும் ஆகாமலும் போகலாம். மாசக்கணக்குல பாத்துட்டுத்தான் இருக்கணும். தலைவலி, காய்ச்சல், தண்ணி இறங்கலைன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காம வாங்க"ன்னாங்க. சுப்புராஜுக்கு அந்த வெறிநோயைத் தெரியும். அவங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் அதுல போனதைச் சின்ன வயசுல பாத்திருக்காராம். தண்ணிச் சொம்பைக் கண்டாலே அவர் அலறினதை எங்களுக்குச் சொல்லிட்டு, தன் விரலையே பாத்துட்டு இருந்தார்.

அம்மிணி சேச்சி ரெஜிஸ்டரைப் பாத்து மத்த தமிழ்ப் பேரையெல்லாம் எழுதிக் குடுத்தாங்க. நௌஷிதா ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டா. எல்லாம் கீறல்காரங்க, பெரிசா ஒண்ணும் இல்ல. கிளினிக்காரங்க பயந்து போய் அந்தத் தமிழ்ப் பக்கத்தையே எடுத்துட்டாங்க. வெங்கிடேஷ் சார் ஒரு வாரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி புதுப் பட்டியல் அனுப்பினார். அவ எழுதறா, வயித்துப் பாட்டுக்கு என்ன பண்றது. ஆனா இப்ப ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் எழுதறா. ஒரு நாளைக்கு இருபது கூட முடியல. சார் முணுமுணுக்கறார். முணுமுணுக்கட்டும்.

இப்ப நாலு மாசம் ஆச்சு. முத்துவேலுக்குக் கவலை இல்ல. சுப்புராஜுக்குத்தான். தினமும் காலையில ஏழு மணிக்கு நௌஷிதா அவரைக் கூப்பிடுவா. முதல்ல "எப்படி இருக்கீங்க, வேலை எப்படி"ன்னு சுத்தி வளைப்பா. அவர் ரெண்டு நாள்லயே புரிஞ்சுக்கிட்டார். இப்பல்லாம் அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "நில்லு புள்ள"ம்பார். போனைத் தொண்டைக்கிட்ட வெச்சுக்குவார். சொம்புத் தண்ணியை எடுத்து மடக்மடக்குனு குடிப்பார். அந்தச் சத்தம் முடியற வரைக்கும் இவ மூச்சு விட மாட்டா, பக்கத்துல நிக்கற நானும் விட மாட்டேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணே."

"இன்னைக்கும் இறங்கிருச்சு. நாளைக்கும் கூப்பிடு."